கேட் கணிதம்: 40-க்கும் 60-க்கும் சராசரி 50 தானா?

ஒரு நிறுவனத்தில் 30 பேருக்குச் சராசரி சம்பளம் ரூ.40 ஆயிரம், மீதி 10 பேருக்கு ரூ.60 ஆயிரம். மொத்தச் சராசரி எவ்வளவு? 'ரூ.50 ஆயிரம்' என்று சட்டென டிக் அடித்தால் போச்சு! ஐஐஎம்கள் நடத்தும் கேட் தேர்வின் ஆப்ஷன் கேள்விகளில் சரியான விடைக்கு 3 மார்க். தப்பானால் 1 மார்க் கழியும்.

ஏன் 50 இல்லை? 40 ஆயிரம் வாங்குபவர்கள் மூன்று மடங்கு. சராசரியும் அந்தப் பக்கம்தான் சாயும். மொத்தச் சம்பளம் 12 லட்சம் + 6 லட்சம் = 18 லட்சம். அதை 40 ஆல் வகுத்தால் ரூ.45 ஆயிரம். இதுதான் வெயிட்டட் ஆவரேஜ், அதாவது எடையிட்ட சராசரி.

தலைகீழாகக் கேட்டால்? சராசரி 45 என்றால் ஆட்களின் விகிதம் என்ன? 40-க்கும் 45-க்கும் இடைவெளி 5. 60-க்கும் 45-க்கும் 15. இரண்டையும் இடம் மாத்திப் போடுங்க: 15:5, அதாவது 3:1. பேப்பரே வேண்டாம்.

வேகக் கணக்கில் மட்டும் உஷார். போகும்போது மணிக்கு 40 கி.மீ., அதே வழியில் திரும்பும்போது 60 கி.மீ. என்றால் சராசரி 48. இங்கே எடை தூரம் இல்லை, நேரம். மெதுவாகப் போகும்போதுதான் அதிக நேரம் ஆகும். அதனால் சூத்திரத்தைத் தேடும் முன், 'இதில் எடை எது?' என்று கேளுங்க.