நாமதேவர் படியருகே

இலாகாத் தேர்வில் இரண்டாம் முறையும் தவறிய பின், சில மாதங்களாக நான் நம் சங்கக் கூட்டங்களுக்கு வரவில்லை. அன்பர்கள் காரணம் வினவினர். உடன் சேர்ந்தோரெல்லாம் உயர்ந்துவிட, மெட்ரிக் படிப்போடு அதே மேசையில் இருப்பவன் நாலு பேர் முன் எங்ஙனம் நிற்பது என்ற வெட்கந்தான்.

அந்நிலையில் ஒரு விடுமுறை நாளன்று குர்டுவாடி வழியாகப் பண்டரிபுரம் சென்றேன். கோயிலின் பெருவாயிலில் நாமதேவர் படிக்கு எதிரே சோகாமேளரின் சமாதி இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டினரான இவ்வடியார் மகர் குலத்தவர்; ஆகவே ஆலயத்துள் செல்ல இயலாதவர். மங்களவேடாவில் மதில் கட்டும் கூலியாக இருந்து, அது இடிந்து விழ, 1338-ல் மாண்டார் என்பர். சிதைந்த உடல்களுள் ‘விட்டல’ என ஒலித்த எலும்புகளை நாமதேவர் பொறுக்கி வந்தாராம்.

அவர் குலத்தாருக்கு மனிதர் கதவு திறந்தது 1947-ல், சானே குருஜி உண்ணாநோன்பு இருந்த பின்னரே. பாண்டுரங்கனோ அத்தனை காலம் காத்திருக்கவில்லை. தானே அவர் குடிசைக்கு உண்ண வந்தான் என்பது அடியார் வரலாறு. ஏதும் சாதித்துக் காட்டிப் பெற்ற அன்பா அது?

வரிசையில் எனக்கு முன்னே ஒரு கரும்பு வெட்டும் கூலியாள், பின்னே ஒரு வக்கீல். மூவரும் அதே பாதங்களில் தலை வைத்தோம்.

மூன்றாம் முறையும் தேர்வுக்கு மனுச் செய்திருக்கிறேன். அடுத்த கூட்டத்திற்கு வருவேன்; தவறினாலும் வருவேன்.