சேர்ந்தாச்சு, வேலை எங்கே?

கோலசிலாங்கூரில் ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன சங்கதி இது. கண்டிராக்டர் தோட்ட வேலைக்கு ஆள் சேர்ப்பார், ஐசி நகலை வாங்கிக்கொள்வார், திங்கட்கிழமை வரச் சொல்வார். விடியற்காலையில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு போய் நின்றால், "இன்னைக்கு இல்லண்ணே, நாளைக்குப் பார்ப்போம்" என்பார் மண்டோர் (மேற்பார்வையாளர்). நாளைக்கும் அதே பதில்தான். வேலைக்குச் சேர்ந்தாகிவிட்டது, ஆனால் செய்ய வேலை இல்லை. இந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா?

உண்டா இல்லையா என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: நீங்கள் யாருடைய ஆள், உங்கள் சம்பளம் எந்தக் கணக்கில் போகிறது. அதற்கு முன், வேலை ஏன் இல்லாமல் போகிறது என்று பார்த்துவிடலாம்.

செம்பனைக் குலையை நினைத்த நாளில் வெட்ட முடியாது. ஒரே நிரைக்குத் திரும்பி வரப் பத்திலிருந்து பதினைந்து நாள் ஆகும். ஆண்டு முழுவதும் காய்ப்பும் ஒரே அளவில் இருப்பதில்லை. வருடத் தொடக்கத்தில் குறைந்து பிற்பகுதியில் ஏறும். ரப்பர் மிச்சமிருக்கும் இடங்களில் பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து பால் வற்றும். மழை பெய்தால் அன்றைக்கு வெட்டே இல்லை. கடலோரத் தாழ்நிலத்தில் தண்ணீர் ஏறினால் லாரி உள்ளே போகாது. தோட்ட நிர்வாகம் வேலையைக் கையில் கொடுப்பதற்கு முன்பே கண்டிராக்டர் ஆள் சேர்த்து வைத்துக்கொள்வதும் உண்டு. இல்லாவிட்டால் ஆட்கள் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள் என்ற பயம் அவருக்கு. அது அவருடைய வியாபாரக் கவலை. அதற்கான செலவை மட்டும் நம் வீட்டுச் சமையலறையில் இறக்கி வைத்துவிடுகிறார்.

இந்தப் பக்கத் தோட்டங்களுக்குக் கண்டிராக் முறை நேற்று வந்ததல்ல. மலாயாவில் செம்பனை முதன்முதலாக வியாபாரத்துக்காக நடப்பட்டது 1917இல், கோலசிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். ரப்பருக்குத் தேவைப்பட்ட அளவு ஆள் செம்பனைக்குத் தேவையில்லை. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விட்டுப்போன தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டபோது, வாங்கிய பலர் நிரந்தர ஆள் வைக்காமல் கண்டிராக்டரை வைத்துக்கொண்டார்கள். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. பெர்மிட் கிடைக்காமல் செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டிலிருந்து பெயர் போன பலர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். இருந்துவிட்டவர்களில் சிலர் குறைந்த கூலிக்குக் கண்டிராக்டர் வழியாக அதே நிரைகளுக்குத் திரும்பினார்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு தோட்டத் தொழிலாளிக்காகவே எழுதப்பட்டது. நாள் கணக்கில் சம்பளம் வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு முதலாளி மாதம் 24 நாளாவது, அவரால் செய்யக்கூடிய வேலையைக் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாமல் போனாலும், கொடுக்காமல் விட்டாலும், தொழிலாளி வேலை செய்யத் தயாராகவும் உடல் தகுதியோடும் இருந்த நாட்களுக்கு, வேலை செய்திருந்தால் என்ன கூலியோ அதையே கொடுத்தாக வேண்டும். வாரத்துக்கு ஆறு நாளுக்கு மேல் கணக்கில் சேராது. வேலையும் தராமல் கூலியும் தராமல் விட்டால் ஒப்பந்தத்தை முறித்தவர் முதலாளிதான் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. தயாராக இருந்தாரா இல்லையா என்ற தகராறு வந்தால் முடிவு சொல்ல வேண்டியவர் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர், மண்டோர் அல்ல.

இந்தியாவில் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் வேலையில்லா நாட்களுக்குப் பாதிச் சம்பளம் என்றது, அதுவும் ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்குத்தான். அதோடு ஒப்பிட்டால் நம் 16ஆவது பிரிவு தாராளமானது.

புதிதாகச் சேருகிறவர் கவனிக்க வேண்டிய ஒரு சிக்கல் மட்டும் அதில் இருக்கிறது. 24 நாள் கணக்கு, மாதம் முழுவதும் வேலையில் இருந்த மாதத்துக்குத்தான் பொருந்தும். பத்தாம் தேதி சேர்ந்தால் அந்த மாதத்துக்கு இந்தப் பிரிவு கைகொடுக்காது, அடுத்த மாதத்திலிருந்துதான். அதனால் மாதத்தின் முதல் நாளே சேருவது நல்லது. சேரும் தேதியைக் காகிதத்தில் எழுதி வாங்குவது அதைவிட நல்லது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கான வேலை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

டன் கணக்கிலோ குலைக் கணக்கிலோ சம்பளம் வாங்குகிறவர்கள் "நாள் கணக்கு" என்ற வார்த்தைக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பள ஆணைதான் பிடிமானம். 2025 பிப்ரவரி முதல் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களிலும், ஆகஸ்டு முதல் எல்லா இடங்களிலும் மாதம் 1,700 வெள்ளி. டன், துண்டு, டிரிப் என்று எந்தக் கணக்கில் கொடுத்தாலும் மாதச் சம்பளம் அதற்குக் கீழே போகக் கூடாது.

"நீ என் ஆளே இல்லை, நீயும் ஒரு சின்ன கண்டிராக்டர்தான்" என்று சிலர் சொல்வதுண்டு. 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம் அந்தச் சாக்குக்கான வழியைப் பெரிதும் அடைத்துவிட்டது. எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது, வேலை நேரத்தைக் கண்டிராக்டர் தீர்மானித்தால், கருவிகளை அவர் கொடுத்தால், வேலையை அவர் மேற்பார்வையிட்டால், உங்கள் வருமானத்தில் பெரும்பகுதி அவரிடமிருந்தே ஒழுங்காக வந்தால், வேறு சாட்சி இல்லாதவரை நீங்கள் தொழிலாளிதான்.

கண்டிராக்டர் கையை விரித்தால், வேலையைக் கொடுத்த தோட்ட நிர்வாகத்தையும் கேட்கலாம். வேலைச் சட்டத்தின் 33ஆவது பிரிவின்படி, கண்டிராக்டர் தரவேண்டிய சம்பளத்துக்கு வேலை கொடுத்த கம்பெனியும் பொறுப்பு. தொடர்ந்து மூன்று மாதச் சம்பளம் வரைதான். ஆனால் சம்பளம் வரவேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். "அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்" என்பதை மூன்று முறை நம்பினால் 90 நாள் ஓடிவிடும். மாதச் சம்பளம் மறுமாதம் ஏழாம் தேதிக்குள் வர வேண்டும் என்பதால், எட்டாம் தேதியே கேட்கலாம்.

கேட்கப் போகும்போது கையில் கணக்கு இருக்க வேண்டும். எந்தெந்த நாள் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போனீர்கள், எத்தனை மணிக்கு, யார் திருப்பி அனுப்பினார், கூட யார் நின்றார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். "இன்று வேலை உண்டா?" என்று மண்டோருக்கு வாட்ஸ்அப்பில் கேட்டு, அவர் இல்லை என்று போட்ட பதிலை அழிக்காமல் வையுங்கள். நீங்கள் தயாராக இருந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம். கூப்பிட்டால் போகலாம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டால் வாதாடுவது சிரமம்.

வேலையில்லாத வாரங்களில் கண்டிராக்டர் கைச்செலவுக்கு நூறு, இருநூறு தருவதும் உண்டு. சம்பளத்திலிருந்து அந்த முன்பணத்தை அவர் பிடிக்கலாம், வட்டி போட்டுப் பிடிக்கக் கூடாது. ஆனால் அந்த நாட்களுக்கு 16ஆவது பிரிவுப்படி கூலி உண்டென்றால், அது கடன் என்ற பேச்சுக்கே முதலில் இடமில்லை. வாங்கும்போதே எதற்கான பணம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.