வெளியூர் வாடிவாசலுக்குக் காளை கொண்டுபோவது எப்படி? சேலம், நாமக்கல் காளை வளர்ப்போரின் சந்தேகங்களும் விளக்கங்களும்

கார்த்திகை பிறந்தால் ஆத்தூர், தம்மம்பட்டி, சேந்தமங்கலம், எருமப்பட்டி பக்கம் காளை கட்டியிருக்கும் வீடுகளில் ஒரே பேச்சுதான்: இந்தத் தையில் எந்தக் களத்துக்குப் பதிவது? 2025-இல் அலங்காநல்லூரில் சிறந்த காளைக்கான டிராக்டரை சேலத்திலிருந்து போன 'பாகுபலி' என்ற காளை வென்றபின் இந்தப் பேச்சு இன்னும் சூடாகிவிட்டது. இப்போது எல்லோரும் மதுரையைப் பார்க்கிறார்கள். ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் ஒரே வாரத்தில் நாலு மாவட்டத்துக்கு மனுப் போட்டுவிட்டு, எங்கே டோக்கன் கிடைத்தாலும் வண்டியில் ஏற்றிவிடலாம் என்று சிலர் இருக்கிறார்கள். அதனால் சிரமப்படப்போவது காளைதான். வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் அடிக்கடி வந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

எங்கள் காளை ராசிபுரம் பக்கத்துக் காளை. வேறு மாவட்டத்தில் அவிழ்க்கச் சட்டம் விடுமா?

விடும். தமிழ்நாட்டுக்குள் காளைக்கு மாவட்ட எல்லை கிடையாது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் மற்ற ஊர்களிலும் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை ஒட்டி, மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்குத் தமிழ்நாடு தனியாக ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அதன்படி ஜனவரி முதல் மே வரை, அரசு அறிவிக்கும் நாள்களில், அரசு அறிவிக்கும் ஊர்களில் ஜல்லிக்கட்டு நடத்தலாம். மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா மூன்றும் இதே சட்டத்துக்குள் வருகின்றன. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 மே 18 அன்று இந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது "அரசு அறிவிக்கும் ஊர்களில்" என்ற பகுதி. பெயர் அறிவிப்பில் இல்லாத ஊரில், ஆட்சியரின் அனுமதி இல்லாமல், ஊர்க்காரர்கள் திடீரென்று வாடிவாசல் கட்டினால் அங்கே காளையைக் கொண்டுபோகாதீர்கள். காவல்துறை நடத்தியவர்கள் மீது மட்டுமல்லாமல் மாட்டுக்காரர் மீதும் வழக்குப் போடும். மருத்துவரும் ஆம்புலன்ஸும் இல்லாத களத்தில் காளைக்கோ ஆளுக்கோ ஏதாவது ஆனால் கேட்பதற்கு நாதி இருக்காது.

அப்படியானால் ஆந்திராவிலும் கர்நாடகாவிலும்கூட அவிழ்க்கலாம்தானே? குப்பம், சித்தூர் பக்கம் கூப்பிடுகிறார்கள்.

கூடாது. தமிழ்நாட்டின் திருத்தம் தமிழ்நாட்டு எல்லையோடு நின்றுவிடுகிறது. கர்நாடகாவின் திருத்தம் கம்பளாவுக்கும் காளை ஓட்டம், மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் பாதுகாப்புத் தருகிறது. மகாராஷ்டிரத்துத் திருத்தம் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு. 2023 தீர்ப்பு இந்த மூன்று மாநிலச் சட்டங்களைப் பற்றியதுதான். சித்தூர் பக்கத்துக் கிராமங்களில் பொங்கலுக்குக் காளை விடும் வழக்கம் பழையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே உங்கள் காளைக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைக்குள் அனுமதி பெற்று நடக்கும் எருது விடும் விழாக்களுக்குத் தாராளமாகப் போகலாம். அங்கே நேரான பாதையில் வேகமாக ஓடும் காளைக்குத்தான் மதிப்பு, நின்று குத்த வரும் காளைக்கு அது இடமில்லை. வாடிவாசலுக்குப் பழக்கிய காளையை அந்தப் பாதையில் விட்டால் கூட்டத்துக்குள் திரும்பிவிடும் ஆபத்து உண்டு.

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றுக்கும் பதிந்துவைத்தால் ஒன்றாவது கிடைக்காதா?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இது, தவறான கணக்கும் இதில்தான் அதிகம். மதுரை மாவட்ட நிர்வாகம் சமீப ஆண்டுகளில் மாவட்ட இணையதளம் வழியாகத்தான் பதிவை நடத்துகிறது. 2025-இல் ஒரு காளை மூன்றில் ஏதாவது ஒரு களத்தில் மட்டுமே பங்கேற்கலாம் என்று அறிவித்தார்கள். பதிவுக்குக் கொடுத்த நேரம் ஜனவரி 6 மாலை 5 மணியிலிருந்து மறுநாள் மாலை 5 மணி வரை. ஒரே நாள்தான். அந்த ஒரு நாளில் எந்தக் களம் என்று முடிவெடுக்க வேண்டும். முன்கூட்டி யோசித்து வைத்திராதவர் கூட்டத்தோடு சேர்ந்து அலங்காநல்லூரைத் தட்டிவிடுகிறார்.

அந்த ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். அவனியாபுரத்துக்குப் பதிந்த காளைகள் 2,026. பாலமேட்டுக்கு 4,820. அலங்காநல்லூருக்கு 5,786. மொத்தம் 12,632 காளைகள். காலையிலிருந்து மாலை வரை விட்டாலும் ஒரு களத்தில் ஆயிரம் சொச்சம் காளைகளுக்கு மேல் அவிழ்க்க முடியாது. ஆக, அவனியாபுரத்தில் ஏறத்தாழ இரண்டில் ஒரு காளைக்கு வாய்ப்பு இருந்தது. அலங்காநல்லூரிலோ ஐந்து, ஆறு காளைகளில் ஒன்றுக்குத்தான். முதன்முறையாக மதுரைக்குப் போகும் காளை என்றால் நான் அவனியாபுரத்தைத்தான் சொல்வேன். மாடுபிடி வீரர்கள் எல்லாக் களத்திலும் கைதேர்ந்தவர்கள்தான், பரிசும் குறைவில்லை. அலங்காநல்லூர் என்ற பெயருக்காகக் காத்திருந்து மூன்று தை போனால், காளையின் நல்ல வயதில் மூன்று வருஷம் போய்விடும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பொங்கலை ஒட்டித்தான் எல்லா ஊரும் நடத்துகிறது. மதுரைக் களங்கள் முடியும் அதே வாரத்தில் சிவகங்கைப் பக்கம் சிராவயல் மஞ்சுவிரட்டு வருகிறது. ஆத்தூர் அருகே நம்முடைய கூலமேடும் அந்த நாள்களையே ஒட்டி வருகிறது. புதுக்கோட்டை மாவட்டத்துத் தச்சங்குறிச்சி இவை எல்லாவற்றுக்கும் முந்தியது, ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் அங்கேதான். நாமக்கல் மாவட்டத்தில் அலங்காநத்தம், பொட்டிரெட்டிப்பட்டி போன்ற ஊர்களில் தை, மாசியில் நடக்கும். ஜனவரியில் ஒரு வெளிமாவட்டக் களம், பிறகு உடம்பு தேறியபின் நம் பக்கத்தில் ஒன்றிரண்டு. ஒரு காளைக்கு ஒரு பருவத்தில் இதற்குமேல் வேண்டாம் என்பது என் கருத்து. மே வரை காலம் இருக்கிறது.

என்னென்ன சான்று வேண்டும்?

உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் அரசு மருத்துவர் தரும் தகுதிச் சான்று முக்கியம். அதில் காளையும் உரிமையாளரும் சேர்ந்து நிற்கும் படம் இருக்க வேண்டும். உரிமையாளரின் ஆதாரும் கைபேசி எண்ணும் சரியாக இருக்க வேண்டும், டோக்கன் விவரம் அந்த எண்ணுக்குத்தான் வரும். பதிவு அறிவிப்பு வந்த பிறகு மருத்துவரைத் தேடிப் போனால் அங்கே நாற்பது பேர் நிற்பார்கள். மார்கழி முதல் வாரத்திலேயே காளையைக் காட்டிவிடுங்கள். கோமாரி, தோல் கழலை தடுப்பூசிகளை அதற்கும் முன்பே போட்டிருக்க வேண்டும். ஊசி போட்ட சூட்டோடு காளையைப் பயணத்துக்கு ஏற்றக் கூடாது. கொம்பு, குளம்பு, கண் எதிலாவது சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1985 முதல் இயங்குகிறது. பெரிய மாட்டைப் பார்க்கும் வசதி எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

நம் பக்கத்துக் களங்களில் நடைமுறை ஊருக்கு ஊர் வேறு. சில இடங்களில் விழாக் குழு பெயர் எழுதுகிறது, சில இடங்களில் இணையம். கேட்டுத் தெரிந்துகொள்ள வட்டாட்சியர் அலுவலகமே நல்லது. வாட்ஸாப்பில் வரும் தேதியை நம்பி வண்டி பேசாதீர்கள்.

கலப்பினக் காளை?

எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நாட்டு மாடு மட்டும்தான். புலிக்குளம், காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர் எல்லாம் வரும். பழைய சேலம் ஜில்லாவின் காவிரிக்கரையில் உருவான ஆலம்பாடி இனமும் வரும். 1965-இல் தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரிந்ததால் இப்போது அதைத் தர்மபுரி மாடு என்கிறோம். ஆலம்பாடிக் கன்று வாங்கி வளர்ப்பவர்கள் நம் பக்கத்தில் குறைந்துவிட்டார்கள். புதிதாகக் காளை கட்ட நினைப்பவர்கள் அதையும் யோசிக்க வேண்டும்.

டோக்கன் வரவில்லை. பணம் கொடுத்தால் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

கொடுக்காதீர்கள். டோக்கன் விலைக்கு விற்கும் பொருளல்ல. படத்தையும் சான்றையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் காளையை வரிசையில் விடுகிறார்கள். இன்னொரு காளையின் டோக்கனில் உங்கள் காளையை நிறுத்தினால் சேலத்திலிருந்து மதுரை வரை 240 கிலோமீட்டர் போய் வாசலிலிருந்து திரும்ப வேண்டியதுதான். பணம் கேட்டவரின் எண்ணோடு ஆட்சியர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். ஒருவராவது கொடுத்தால்தான் அடுத்த ஆண்டு இது நிற்கும்.

எந்த வண்டியில் ஏற்றுவது? ஒரே லாரியில் எட்டுக் காளை ஏற்றினால் செலவு குறையுமே?

லாரிக்குப் பெயர்போன நாமக்கல்லிலிருந்து இந்தக் கேள்வி வந்திருக்கிறது. கூண்டு கட்டும் பட்டறைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மாட்டுக்காரர்களுக்குச் சொல்கிறேன். 1978-ஆம் ஆண்டின் கால்நடைப் போக்குவரத்து விதிகள்படி சாதாரணச் சரக்கு வண்டியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. தரையில் வழுக்காத தேங்காய் நார்ப் பாயோ பலகையோ வேண்டும். மாட்டோடு வேறு சரக்கு ஏற்றக் கூடாது, கூடவே ஓர் ஆள் இருக்க வேண்டும். மாடு இன்ஜின் பக்கம் பார்த்து நின்றால் மிரளாது. 2015-இல் வந்த மோட்டார் வாகன விதி, மாடு ஒன்றுக்கு 2 சதுர மீட்டர் இடம் கேட்கிறது. ஜல்லிக்கட்டுக் காளைகள் ஒன்றையொன்று முட்டுபவை. இரண்டு காளைகளுக்கு நடுவே தடுப்பு இல்லாமல் ஏற்றவே கூடாது.

சேலத்திலிருந்து மதுரைக்கு நாமக்கல், கரூர், திண்டுக்கல் வழியாக ஏறத்தாழ 240 கிலோமீட்டர். போட்டிக்கு முந்தைய நாள் பகலிலேயே போய்ச் சேர்ந்து, நிழலில் கட்டி, தண்ணீர் காட்டி, ஓர் இரவு படுக்க விடுங்கள். இராத்திரி பூராவும் வண்டியில் நின்ற காளை விடியற்காலை வரிசையில் நின்று மத்தியானம் வாடிவாசலுக்குள் போகிறது. கால் நடுங்கும் காளையைக் கூட்டத்துக்குள் விடுவது கொடுமை. பரிசோதனைக்கு முன் 20 நிமிடமாவது ஓய்வு தர வேண்டும் என்கிறது அரசின் விதி. தூரத்துக் காளைக்கு அது போதவே போதாது.

அவிழ்த்த பிறகு காளை எங்கோ ஓடிவிட்டால்?

வெளியூரில் இதுதான் பெரிய பயம். களத்துக்குள் விதி தெளிவாக இருக்கிறது: திமிலை மட்டும்தான் பிடிக்க வேண்டும். வாலையோ கொம்பையோ பிடிக்கக் கூடாது. 15 மீட்டர் அல்லது 30 விநாடி அல்லது மூன்று துள்ளல் தாக்குப்பிடித்தால் வீரர் வென்றதாகக் கணக்கு. அதன்பின் காளை சேகரிப்பு இடத்துக்கு வர வேண்டும். பழகிய வாசனை இல்லாத ஊரில் காளை அங்கே நிற்காமல் வயல்வெளிக்குள் ஓடிவிடும். கிணற்றில் விழுந்தும் வாகனத்தில் அடிபட்டும் காளைகள் செத்திருக்கின்றன. ஆகவே வாடிவாசலில் ஒருவர், சேகரிப்பு இடத்தில் காளைக்கு நன்றாகப் பழகிய இன்னொருவர் என்று நிறுத்துங்கள். அந்த இரண்டாவது ஆள் வீட்டில் தினமும் தண்ணீர் காட்டுபவராக இருந்தால் நல்லது. அவர் அம்மாவாகவோ தங்கையாகவோ இருந்தாலும் அவரையே அழைத்துப் போங்கள். காளை குரலுக்கு வரும்.

தொடர்ந்து மூன்று ஆண்டு பதிந்தும் கிடைக்கவில்லை. இதற்கு ஒரு நியாயமே இல்லையா?

இந்த ஆதங்கம் நியாயமானது. எல்லோருக்கும் கிடைக்காத சீட்டை வேறோர் இடத்தில் எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடக் குலுக்கலில் அனுமதிச் சீட்டு தருகிறார்கள். வேட்டை நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்டது, அது நமக்கு வேண்டாம். சீட்டைப் பங்கிடும் முறையை மட்டும் பார்ப்போம். நியூ மெக்சிகோவில் 84 விழுக்காடு சீட்டு உள்ளூர்க்காரருக்கு, மீதி மட்டுமே மற்றவர்களுக்கு என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. வெளியூர்க்காரர் தன் வாய்ப்பு எவ்வளவு என்று தெரிந்துதான் மனுப் போடுகிறார். கொலராடோவில் இந்த ஆண்டு சீட்டு கிடைக்காதவருக்கு ஒரு புள்ளி சேருகிறது. புள்ளி கூடக் கூட அடுத்த குலுக்கல்களில் அவருக்கு முன்னுரிமை.

நம் களங்களில் கோயில் காளைக்கு முதல் மரியாதை. அதை யாரும் பிடிப்பதில்லை, அது அப்படியே இருக்கட்டும். உள்ளூர்க் காளைகளுக்குப் பங்கு கொடுப்பதும் சரிதான், களத்தைக் காப்பாற்றி வைத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். ஆனால் அந்தப் பங்கு எவ்வளவு என்று பதிவுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். இணையத்தில் பதிவு வந்துவிட்டதால், யார் எத்தனை ஆண்டு விடுபட்டார் என்ற கணக்கு அரசிடமே இருக்கிறது. விடுபட்ட காளைக்கு அடுத்த ஆண்டு முன்னுரிமை கொடுப்பது பெரிய வேலை இல்லை. பதிந்தவை எத்தனை, டோக்கன் பெற்றவை எத்தனை, எந்த மாவட்டத்துக்கு எத்தனை என்ற பட்டியலை இந்தத் தையிலிருந்தே மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை, சேலம், நாமக்கல் மாவட்ட ஆட்சியர்கள் வெளியிட வேண்டும். காளை வளர்ப்போர் சங்கங்கள் இதைக் கேட்டு மனுக் கொடுக்க மார்கழி வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே கொடுங்கள்.