உயரச் சாளரமும் உள்ளே வரும் வெளிச்சமும்

ஆஸ்டின் டவுனிலிருந்து சிவாஜிநகர் போகிற நம்மவர்கள் தூய மரியன்னை பசிலிக்காவைப் பார்த்திருப்பார்கள். 1882இல் கட்டி முடித்த கோதிக் பாணிக் கோயில் அது. இரண்டாம் உலகப் போரின்போது அதன் வண்ணக் கண்ணாடிகளைக் கழற்றி வைத்து, 1947இல் திரும்பப் பொருத்தினார்கள். வெளிச்சத்துக்கு அவ்வளவு மரியாதை!

அகலமான மண்டபத்துக்கு ஒரு கஷ்டம் உண்டு. பக்கச் சுவர் ஜன்னலின் வெளிச்சம் ஓரத்தோடு நின்றுவிடும், நடுவே இருட்டுதான். அதற்கு வழி, நடுப்பகுதிச் சுவரைப் பக்கக் கூரைகளுக்கு மேலே உயர்த்தி, அங்கே வரிசையாகச் சாளரம் வைப்பது. எகிப்தின் கார்னாக் கோயிலில் சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன்பே இது உண்டு. ரோமானியர் தங்கள் பொது மண்டபங்களில் கையாண்டார்கள். அந்த மண்டபத்தின் பெயர்தான் பசிலிக்கா! அமைப்பையும் பெயரையும் தேவாலயங்கள் அங்கிருந்தே எடுத்துக்கொண்டன.

ஆனால் சுவரில் திறப்பு வைத்தால் பலம் குறையும். கல் கூரையின் பாரம் சுவரை வெளியே தள்ளும். கோதிக் கொத்தர்கள் கூர்வளைவு போட்டுப் பாரத்தைத் தூண்களில் இறக்கினார்கள். வெளியிலிருந்து முட்டுக் கொடுத்தார்கள். பிரான்சின் சார்த்ர் பேராலயத்தில் மேல்சுவரே பெரும்பாலும் கண்ணாடியாயிற்று.

துணி வியாபாரிக்கு இது நன்றாகப் புரியும். டியூப்லைட்டில் பார்த்த புடவையை வாசல் வெளிச்சத்தில் ஒருதரம் பார்த்துத்தானே வாங்குகிறார்கள்? மேலிருந்து வரும் வெளிச்சம் உள்ளே தூரம் வரை எட்டும், கண்ணும் கூசாது. திறந்திருந்தால் சூடான காற்றும் அந்த வழியே போய்விடும். நம்ம வீட்டு வென்டிலேட்டர் இதன் தம்பிதான். அதை அட்டை வைத்து அடைத்துவிட்டுப் பகலிலும் லைட் போடுகிறோமே, நியாயமா?