சரக்கு வண்டி ஓட்டுநரின் உடல்நலம் – வணிகர் கவனத்திற்கு

வல்லத்திலிருந்து செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் சரக்கு வண்டி அனுப்பும் நாம், டயரைப் பார்க்கிறோம். ஓட்டுநர் உடம்பைப் பார்ப்பதில்லை.

உரிம விண்ணப்பத்தின் படிவம் 1, வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் உண்டா என்று கேட்கிறது. லாரி ஓட்ட மருத்துவரின் படிவம் 1-ஏ சான்றும் வேண்டும். ஆனால் பிறகு வரும் நோயைச் சான்று காட்டாது. ஆபத்தான நோய் இருப்பது தெரிந்தே ஓட்டுவது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 186-ஆம் பிரிவுப்படி குற்றம். 2019 திருத்தம், முதல் முறைக்கான அபராதத்தை 1,000 ரூபாய் வரை உயர்த்தியது.

பிழைப்பு போய்விடுமே என்ற பயத்தில்தான் பலர் நோயை மறைக்கிறார்கள். எனவே நெஞ்சுவலி, வலிப்பு, பக்கவாதம் கண்ட ஓட்டுநரை வேலையை விட்டு நிறுத்த வேண்டாம். மருத்துவர் அனுமதிக்கும்வரை தராசிலோ கல்லாவிலோ அமர்த்துவோம். அந்த உறுதியை இன்றே அவரிடம் சொல்லிவிடுவோம்.