எழுத்துப்பிழையும் கணினியும்

பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை ஏடுகளைப் புரட்டும்போது முதலில் நம் கண்ணை உறுத்துவது ல-ள-ழ, ந-ன-ண, ர-ற மயக்கமே. பேச்சில் இவ்வொலிகள் தேய்ந்துவிட்ட வீடுகளில் காது குழந்தைக்கு வழிகாட்டுவதில்லை. கண்ணும் கையுமே கற்றாக வேண்டும். இதற்குக் கணினி துணைபுரியுமா?

முதலில் விசைப்பலகையை நோக்குவோம். ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழாக்கும் முறையில், தோராயமாகத் தட்டினாலே 'பள்ளி, பல்லி' எனப் பட்டியல் நீள்கிறது. குழந்தை தெரிவு செய்கிறதேயன்றி எழுதவில்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறை வேறானது. அதில் 12 உயிருக்கும் 18 மெய்வரிசைக்கும் தனித்தனி விசைகள் உள்ளன. ல, ள, ழ மூன்றும் மூன்று இடங்களில் அமைந்துள்ளன. 'க'வும் 'இ'யும் கூடிக் 'கி' ஆவதை விரலே உணர்கிறது. ந-த, ம-ப போன்ற இனவெழுத்துகளை அடுத்தடுத்துத் தட்டினால் முன்னதன்மேல் புள்ளி தானே விழுகிறது. இலக்கணப் பாடம் விரல்வழியே மனத்தில் பதிய இது வாய்ப்பளிக்கிறது.

அடுத்தது பிழைதிருத்தி. அகராதியில் இல்லாத சொல்லைச் சிவப்புக் கோட்டால் சுட்டுவதே அதன் அடிப்படைப் பணி. 'பள்ளிக்குச் சென்றேன்' என்பதைப் 'பல்லிக்குச் சென்றேன்' என்றெழுதினால், பல்லியும் சொல்லே என்பதால் எளிய திருத்தி வாளாவிருக்கும். மனம்-மணம், அரம்-அறம் ஆகியவற்றிலும் இதே நிலைதான். பொருளறிந்து திருத்துவது ஆசிரியர் கடமையாகவே எஞ்சுகிறது.

ஆகவே நாம் பரிந்துரைப்பது இம்முறையே. திருத்தியையும் சொற்பரிந்துரையையும் அணைத்துவிட்டு, ஆசிரியர் சொல்லச் சொல்லப் பத்து வரி தட்டச் செய்க. பின்னர்த் திருத்தியை இயக்குக. சிவந்த சொல்லை ஒரே சொடுக்கில் மாற்றவிடாது, அகராதியில் தேடிக் கையால் ஏட்டில் எழுதச் செய்க. திருத்தி விட்டவற்றை இறுதியில் ஆசிரியர் காட்டுக.

நம் இல்லங்களுக்கென ஒரு சிக்கலும் உண்டு. ரமலான், ரமளான், ரமழான் என ஒரே மாதத்தை மூவகையாக எழுதுகிறோம். அரபியின் 'ழாத்' ஒலிக்கு நேரான எழுத்து தமிழில் இல்லாமையே காரணம். திருத்தி இவற்றுள் எதற்குக் கோடிட்டாலும், தன் வீட்டுச் சொல்லே பிழையென்று குழந்தை மயங்கலாகாது. ஒவ்வொரு பள்ளியும் ஒரு வடிவைத் தேர்ந்து, அதனை மென்பொருளின் சொற்பட்டியலில் சேர்த்துவிடுதல் நலம்.

கோடிடுவது கணினியின் வேலை. அக்கோடு ஏன் விழுந்ததென்று குழந்தை கேட்கும் கணத்தில்தான் கல்வி தொடங்குகிறது. அக்கேள்விக்கு விடைசொல்ல அருகே ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும்.