நாயைக் கொண்டுபோய் விடுவதற்கு முன்

அந்தப் பாட்டியின் ஒயர்கூடையில் காய்கறிக்குப் பதில் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. வெள்ளையும் பழுப்பும் கலந்த நாட்டு நாய். முதுகில் பாதி முடி கொட்டி, தோல் யானைத்தோலாகத் தடித்துப் போயிருந்தது. காது மடலுக்குள் ஆமணக்கு விதைபோல் உப்பிய உண்ணிகள். தென்சென்னையில் ஒரு விலங்கு நலச் சங்கத்தின் வெளிநோயாளி வரிசை அது. பாட்டியின் முறை வந்ததும் கூடையை மேசைமேல் வைத்துவிட்டு, "இத நீங்களே வச்சுக்கங்கம்மா. வீட்டு ஓனரு தினம் ஏசுறாரு, புள்ளைங்களுக்கு ஒட்டிக்கும்ங்கிறாரு" என்றார்.

டாக்டர் உண்ணியைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்: "இங்க விட்டா உங்கள நெனச்சு சோறே திங்காது பாட்டி. இது சொறிதான், ஊசி போட்டா சரியாயிடும். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி கூட்டிட்டு வாங்க."

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அந்த டாக்டர் சொன்னதைத்தான். விலங்கு நல அமைப்பு என்றதும் நம் ஊரில் பலருக்கு, வேண்டாத நாயைக் கொண்டுபோய் விடும் இடம் என்றே தோன்றுகிறது. விடியற்காலையில் வாசல் கம்பியில் கட்டிவிட்டு ஓடிவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் அங்கே கிடைக்கும் சேவைகளில் பெரும்பகுதி, விலங்கை அதன் வீட்டிலேயே, அதன் தெருவிலேயே நலமாக வைத்திருப்பதற்கானது. காப்பகத்தில் நூற்றுக்கணக்கான பிராணிகள் நெருக்கடியில் வாழ்கின்றன. அடிபட்டதும் நோயுற்றதும் தினமும் வந்து சேர்கின்றன. தடுப்பூசி போடாத குட்டியை அங்கே விட்டால் பார்வோவோ டிஸ்டெம்பரோ தொற்றிக்கொள்ளும் ஆபத்து மிக அதிகம். ஒரே வீட்டில் வளர்ந்த நாய் கூண்டு மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடப்பதை ஒரு முறை பார்த்தவர்கள், பிறகு எந்த நாயையும் அப்படி விட்டுவர மாட்டார்கள்.

சென்னைக்கு இதில் ஒரு பெருமையான வரலாறு இருக்கிறது. 1959-இல் விமானி கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் தங்கள் வீட்டிலேயே தொடங்கியதுதான் ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா. மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் கேப்டன் தூக்கிவந்ததில் ஆரம்பித்த வேலை அது. அந்த நாளில் மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. அவர்களுடைய மகன் சின்னி கிருஷ்ணா எழுதிவைத்த கணக்குப்படி, 1996 வாக்கில் ஒரு நாளைக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன. நூறு வருடங்களுக்கு மேல் கொன்றும் தெருவில் நாய் குறையவில்லை. காரணம் எளிது. ஒரு தெருவில் நாயை அகற்றினால் அங்கே கிடக்கும் எச்சில் சோறு அப்படியே இருக்கிறது. பக்கத்துத் தெரு நாய் வந்து உட்கார்ந்துகொள்கிறது, இரண்டு மாதம் சுமந்து குட்டி போடுகிறது. கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று 1964 முதல் ப்ளூ கிராஸ் சொல்லிவந்தது. மாநகராட்சி அதை ஏற்றது 1996-இல்தான். இன்று இந்தியா முழுவதற்கும் சட்டமாக இருக்கும் விலங்கு கருத்தடை விதிகள் (2001-இல் வந்தவை, 2023-இல் திருத்தி எழுதப்பட்டவை) இதே முறையைத்தான் சொல்கின்றன. உங்கள் தெரு நாயின் காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு இருந்தால் பயப்படாதீர்கள். அறுவை முடிந்தது, ஊசி போட்டாயிற்று என்பதற்கு அதுதான் அடையாளம்.

அந்த ஊசி நாய்க்கு மட்டும் போடுவதல்ல, தெருவில் விளையாடும் பிள்ளைக்கும் சேர்த்துப் போடுவது. ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டுவந்தால் ரேபிஸ் எனும் வெறிநோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலகம் முழுதும் ஏற்கப்பட்ட கணக்கு. அதனால் தெருவில் முகாம் போட்டால் வேடிக்கை பார்க்காமல், தெரிந்த நாயைப் பிடித்துக் கொடுங்கள். சோறு வைக்கும் அக்கா ஒருவர் கூப்பிட்டால், வலை வீசாமலே பத்து நாய் வந்து நிற்கும்.

கடித்துவிட்டால்? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கே தவறினால் உயிர் திரும்பாது. ரேபிஸ் அறிகுறி தெரிந்தபிறகு காப்பாற்ற வழியே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். முதல் காரியம் குழாயைத் திறப்பது. ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளமானது. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்ப்பொடி எதையும் அப்பாதீர்கள். பச்சிலை, மந்திரிப்பு என்று ஒரு நாளையும் இழக்காதீர்கள். நேராக அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள், தடுப்பூசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பயம் இன்னும் பாட்டி கதையாக உலவுகிறது. அதெல்லாம் போய்ப் பல காலம் ஆகிறது. இப்போது கையில், தோலுக்குள்ளேயே போடுகிறார்கள்: முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள். இரத்தம் வருமளவு கடித்திருந்தால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போடவேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் போட்டுக்கொள்ளலாம். பூனை கீறினாலும் இதேதான். வீட்டு நாய்தானே, குட்டிதானே என்று விடாதீர்கள். கடித்த நாயை 10 நாள் கவனிக்கச் சொல்வார்கள், ஆனால் அதுவரை ஊசிக்குக் காத்திருக்கக் கூடாது.

இனி உரிமைகள். அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் பெரும்பான்மை ஓட்டுப் போட்டு "செல்லப்பிராணிக்கு இடமில்லை" என்று தீர்மானம் எழுதுவதை நானே பார்த்திருக்கிறேன். பதினொரு வயது ஸ்பேனியலை வைத்திருந்த ஒரு தம்பதி, அந்தக் காகிதத்தைக் கண்டு வீடு மாற்றிக்கொண்டு போனார்கள். அந்தத் தீர்மானம் செல்லாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரும்பான்மை முடிவாலும் சங்கம் செல்லப்பிராணியைத் தடைசெய்ய முடியாது. லிஃப்டில் ஏறக்கூடாது என்றும் சொல்ல முடியாது. வாடகை ஒப்பந்தத்தில் நீங்களே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் அது வேறு விஷயம், ஆகவே போடுமுன் படியுங்கள். உரிமையோடு கடமையும் இருக்கிறது: சங்கிலியோடு அழைத்துப் போவது, கழிவை அள்ளுவது, வருடாவருடம் ஊசி, மாநகராட்சி உரிமம். சென்னையில் உரிமம் இல்லாமல் நாய் வளர்த்தால் அபராதம் உண்டு. உரிமத்துக்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும், அந்தச் சான்றைப் பெற மேலே சொன்ன அமைப்புகளே குறைந்த செலவில் கைகொடுக்கும்.

தெருநாய்க்குச் சோறு வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-இல் சொன்னது இது: ஊசி போட்டுக் கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடவேண்டும், வெறிபிடித்ததும் மூர்க்கமானதும் விதிவிலக்கு, சோறு வைப்பது அதற்கென ஒதுக்கிய இடத்தில் மட்டும். நவம்பர் 7-இல் வந்த உத்தரவு பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாய்களை அங்கே திரும்ப விடக்கூடாது என்றது. இடம் இன்னும் ஒதுக்கவில்லையென்றால் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்கு அழைத்து உங்கள் வார்டில் எங்கே என்று கேளுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள்.

அடிபட்ட பிராணியைக் கண்டு அமைப்புகளை அழைத்தால், ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது? வண்டிகள் கொஞ்சம், அழைப்புகள் ஏராளம். ஒரு மணிநேரம் ஆகலாம். வலியில் இருக்கும் நாய், வளர்த்தவரையே கடிக்கும். முகத்தருகே குனியாதீர்கள். துப்பட்டாவையோ துண்டையோ வாய்மேல் சுற்றி, தாடைக்கடியில் ஒரு முடிச்சு, பிறகு காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு. வாந்தி எடுத்தாலோ மூச்சுத் திணறினாலோ கட்டாதீர்கள். உடம்பைத் தூக்காமல் பழைய பெட்ஷீட்டில் மெல்ல நகர்த்தி, நான்கு முனையையும் இருவர் பிடித்து நிழலுக்குக் கொண்டுபோங்கள். வாயில் பாலும் பிஸ்கட்டும் திணிக்கவேண்டாம். ஆட்டோ கிடைத்தால் காத்திருக்காமல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போய்விடலாம். ஆடுமாடுகளுக்குத் தமிழ்நாடு முழுவதும் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் இருக்கிறது.

யாராவது வேண்டுமென்றே அடித்தால், விஷம் வைத்தால்? 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்தான். ஒரு டீக்கும் வடைக்கும் ஆகிற காசு. எழுதும்போதே மனசு கசக்கிறது. ஆனால் கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆவது பிரிவு இருக்கிறது: ஐந்து ஆண்டு வரை சிறை. நீதிபதியின் அனுமதிக்குக் காத்திருக்காமல் காவல் நிலையமே வழக்குப் பதியலாம். புகாரில் அந்தப் பிரிவு எண்ணை எழுதிக் கொடுங்கள், சிஎஸ்ஆர் என்ற புகார் ரசீதோடு திரும்பாமல் எஃப்ஐஆர் கேளுங்கள். மறுத்தால் அதே புகாரைக் காவல் ஆணையருக்குத் தபாலில் அனுப்பலாம். இறந்த உடலை அவசரப்பட்டுப் புதைத்துவிடாதீர்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் விஷத்தை நிரூபிக்க முடியாது. வளர்த்த பிராணியைத் தெருவில் கைவிடுவதும் அந்த 1960 சட்டத்தில் குற்றமே.

உண்மையிலேயே வைத்திருக்க முடியாத நிலை வரும். வேலை மாற்றம், நோய், வளர்த்த பெரியவர் காலமாகிவிடுவது. அப்போதும் வாசலில் கட்டாதீர்கள். முன்கூட்டியே பேசினால் அமைப்புகள் தத்து எடுக்க ஆள் தேடித்தரும், அதுவரை பிராணி உங்கள் வீட்டிலேயே இருக்கும். அதன் பெயர், போட்ட ஊசிகள், எதற்குப் பயப்படும், எதை விரும்பித் தின்னும் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் புது வீட்டில் அதற்குப் பாதிச் சிரமம் குறையும்.

பாட்டியை மறுபடி பார்த்தேன். நாயின் முதுகில் பூனைமுடிபோல் புது ரோமம் தெரிந்தது. இந்த முறை அது கூடைக்குள் இல்லை, புடவைக்கரையில் கிழித்த நாடாவைக் கழுத்தில் கட்டி நடத்திக் கூட்டிவந்திருந்தார். ஓனர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "அவரு பொண்ணுதாம்மா இதுக்கு மணின்னு பேரு வச்சுது" என்றார், கூடையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டே.